எனிட் பார்க்காத பாட்டு

எனிட் ஹெஸ்கெத்தைப் பற்றி எங்கள் தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பாட்டுக்காரப் பையன்கள் மேல் பைத்தியம் என்பார்கள். அதிலும் டிரம்ஸ் அடித்தவன் மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு கண் என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். ஆகையால் நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். அழகு பண்ணுகிறேன் என்று நடுவில் எதையும் மாற்ற வேண்டாம்.

நான் இங்கிலாந்துக்கு, இந்த பர்ன்லிக்கு வந்து இந்தத் தெருவில் குடியேறியபோது எனிட் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். தடித்த கைகள், பெரிய குரல். பிள்ளைகள் முட்டைக்கோஸைத் தட்டில் ஒதுக்கிவைத்தால் வாசல் வரைக்கும் அவள் அதட்டல் கேட்கும். முதல் நாளே ஒரு தட்டு இஞ்சிக் கேக்கோடு என் வீட்டுக் கதவைத் தட்டி, "எனக்கு இனிப்பு ஆகாது கண்ணு, நீதான் தின்னு தீர்க்கணும்" என்றாள். அது பொய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தின்றதைப் பார்த்தேன்.

அவள் புருஷன் லெஸ், பஸ் டிரைவர். ஒல்லியான, கிண்டல் பிடித்த மனிதன். சனிக்கிழமை ஆனால் எனிட் பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, ஒரு பழைய வேனில் ஏறிப் போய்விடுவாள். அவன் வாசலில் நின்று என்னிடம் சொல்வான்:

"பாத்தியா? என்னைக்கோ அழிஞ்சுபோன படத்தைத் தேடி ஊர் ஊராப் போறா. நான் காணாமப் போனா போலீசுக்காவது சொல்வாளா தெரியல."

வேனுக்குள்ளிருந்து எனிட் பதில் சொல்வாள்: "நீ காணாமப் போனா உனக்குச் சோறு கட்டிக் குடுக்கற வேலையாவது மிச்சம். சாப்பாடு அடுப்புக்குள்ள இருக்கு, எடுத்துப் போட்டுக்க."

எனிடும் அவள் கூட்டாளிகளும் தேடியது டிம்பர்லேன்ஸ் என்ற பாட்டுக்குழுவின் டிவி நிகழ்ச்சியை. நாலு பையன்கள், எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்கள். ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி நெற்றியில் விழுகிற முடி. அறுபதுகளில் இரண்டு மூன்று வருஷம் ஊரே அவர்கள் பாட்டைத்தான் முணுமுணுத்தது. அப்புறம் அவர்களுக்குள் சண்டை வந்து ஆளுக்கு ஒரு பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் டிவியில் பாடியது ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தக் காலத்தில் டேப் விலை அதிகம். ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பாகி முடிந்ததும் அதே டேப்பை அழித்து அதன் மேல் குதிரைப் பந்தயமோ, சமையல் குறிப்போ பதிந்துவிடுவார்கள். ரசிகர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, எங்காவது ஒரு பிரதி தப்பியிருக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பழைய சாமான் சந்தை, செத்துப்போன ஸ்டுடியோக்காரர்களின் கார் கொட்டகை, கடல் தாண்டிய ஊர்களின் டிவி நிலையம் என்று ஒன்று விடவில்லை.

எனிட் எதற்குத் தேடினாள் என்பது லெஸ் ஒருவனுக்குத்தான் தெரியும். கிண்டல் அவ்வளவு பண்ணினானே தவிர, அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவன் செத்துப்போன பிறகு ஒரு மத்தியானம், என் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்.

எனிடுக்கு டாஃப்னி என்று ஒரு தங்கை. பிஸ்கட் தொழிற்சாலையில் டப்பா அடுக்குகிற வேலை. டிம்பர்லேன்ஸ் என்றால் எனிடுக்குச் சும்மா பிடிக்கும், டாஃப்னிக்கு உயிர். அறுபத்தாறாம் வருஷம், ஈஸ்டர் முடிந்த சமயம், மான்செஸ்டர் ஸ்டுடியோவில் அவர்கள் பாடும்போது முன்னால் நின்று ஆடுவதற்கு டாஃப்னிக்கு டிக்கெட் கிடைத்தது. அம்மா கட்டம் போட்ட துணி வாங்கி அவசரமாக ஒரு கவுன் தைத்தாள். இடது பக்கம் ஓரம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"கழட்டிக் குடுடி, தூக்கித் தச்சுத் தர்றேன்" என்றாளாம் அம்மா.

"ஆடுறப்ப யாரும்மா ஓரத்தைப் பாக்கப் போறாங்க? பஸ் போயிரும்" என்று ஓடியே போனாளாம்.

டாஃப்னிக்கு ஆட்டம் தானாக வராது. வாரம் முழுக்க அடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழுதட்டைக் கடித்து, காலை எண்ணி எண்ணிப் பழகினாள். எனிட் தட்டுக் கழுவிக்கொண்டே, "மூஞ்சியப் பாரு, பல்லு பிடுங்கப் போற மாதிரி. கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே ஆடுடி" என்பாளாம். "சிரிச்சா கணக்கு விட்டுப்போகும்" என்பாளாம் அவள்.

புதன்கிழமை பதிவு, சனிக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பு. அப்பா தறி மேஸ்திரி. தவணையில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கியிருந்தார். அதைத் தொட எனிடுக்கு மட்டும்தான் உரிமை. அப்போது பாட்டுப் பைத்தியம் பிடித்த வீடுகளில் எல்லாம் இதே வழக்கம்தான். படத்தைப் பிடித்துவைக்க ஒரு வீட்டிலும் வழி கிடையாது, சத்தத்தையாவது பிடித்துவைக்கலாம். மைக்கை டிவி பெட்டியின் பக்கவாட்டில், ஒலி வருகிற துணியில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். அறையில் ஒருத்தரும் மூச்சுவிடக் கூடாது. அன்றைக்கு அம்மா நாயை வெளியே கட்டினாள். சுவர்க் கடிகாரத்தின் ஆட்டத்தை விரலால் நிறுத்தினாள். அப்பாவுக்கு இருமல் வந்தால் வாயில் வைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தார்கள்.

எனிட் டிவிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். கையில் மைக். கண் ரெக்கார்டரின் முள்ளின் மேல். முள் சிவப்புக்குப் போனால் பாட்டு கரகரத்துவிடும். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து திரை தெரியாது. தெரிய வேண்டும் என்றால் தலையைத் திருப்ப வேண்டும். தலையைத் திருப்பினால் கை அசையும். கை அசைந்தால் மைக் துணியில் உரசும்.

இரண்டாவது பாட்டு நடுவில் டாஃப்னி கத்தினாள்: "எனிட், எனிட், பாரு, நான்தான்."

எனிட் திரும்பவில்லை. "ஷ்ஷ். வாய மூடுடி, டேப்புல விழும்."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா துண்டைக் கடித்துக்கொண்டார். அதற்குள் டாஃப்னி சொன்னாள்: "போச்சு. போயிட்டேன்."

பாட்டு முடிந்ததும் எனிடுக்கு அழுகையே வந்துவிட்டதாம். தங்கையைப் பார்க்கவில்லை என்பதற்காக இல்லை, டேப் கெட்டுப்போச்சே என்று. டாஃப்னிதான் தோளைத் தட்டி, "மறுபடியும் போடுவாங்க விடு. அப்ப நான் மைக்கப் பிடிக்கறேன், நீ பாரு" என்றாளாம்.

மறுபடி போடவில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் டாஃப்னிக்குத் தலைவலி என்று தொடங்கியது. மூளைக் காய்ச்சல். வார முடிவுக்குள் ஆள் இல்லை.

உருளைக்கிழங்கைச் சட்டியில் போட்டுக்கொண்டே எனிட் சொன்னாள்: "போட்டோ நாலஞ்சு இருக்கு கண்ணு. எல்லாத்துலயும் கண்ண மூடிக்கிட்டு நிக்கறா. போட்டோ எடுத்தா அவ கண்ண சிமிட்டிருவா. நடந்தது, ஓடினது, கையக் கால ஆட்டினது, அப்படி ஒண்ணுமே இல்ல. அந்தப் படத்துல மட்டுந்தான் இருக்கா. வீட்டுல எல்லாரும் பாத்தாங்க. நான் மட்டும் பாக்கல."

"டேப் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. அலமாரியில மேஜைத் துணிக்கு அடியில. போட்டதில்ல."

"ஏன்?"

"என் குரலும் அதுல இருக்கே" என்றாள்.

சங்கத்தில் அவள் இதை மூச்சுவிடவில்லை. அங்கே டீ போடுகிறவள், கேக் சுடுகிறவள், டிரம்ஸ்காரன் மேல் ஆசை வைத்தவள் என்றே இருந்துவிட்டாள். ஆசை என்று அவர்கள் கேலி செய்தால் மறுக்கவும் மாட்டாள். அந்த வேனை ஓட்டுகிற க்ளைவ் பார்ட்டிங்டன் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர், சங்கத் தலைவர். காலர் பொத்தானைப் போட்டு டை கட்டாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார். எனிடிடம் மரியாதை குறையாமல் பேசுவார். அவள் அவரைச் சின்னப் பையனை அதட்டுகிற மாதிரிப் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரையே அவள் அப்படித்தான் பேசினாள்.

ஒரு தடவை என்னையும் கூட்டிப் போனார்கள். ஏதோ ஒரு கிழவரின் கொட்டகை. உள்ளே துருப்பிடித்த ஃபிலிம் டப்பாக்கள். எனிட் ஒவ்வொரு மூடியையும் திறந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோவாள். ஃபிலிம் கெட்டுப்போனால் புளித்த காடி நாற்றம் வரும். நாற்றம் வந்தால் முகம் சுருங்கும், அடுத்த டப்பாவை எடுப்பாள். அன்றைக்குக் கிடைத்ததெல்லாம் பன்றி வளர்ப்பும், யாரோ ஒருத்தர் வீட்டுக் கல்யாணமும்தான்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. அதைச் சொன்னால்தான் மீதி புரியும். முன்பெல்லாம் இப்படி ஏதாவது ஒருத்தன் கையில் கிடைத்தால், திரைச்சீலையை இழுத்து மூடி, தனக்கு வேண்டிய இரண்டு பேருக்கு மட்டும் போட்டுக் காட்டுவான். மற்றவர்களிடம் ஜாடையாகப் பீற்றிக்கொள்வான். அப்படி ஒருவன் வேறொரு நிகழ்ச்சியின் ஃபிலிமை வைத்துக்கொண்டு, கேட்டுப் போன எனிடை மழையில் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினான். அதிலிருந்து சங்கம் சட்டம் போட்டது: எது கிடைத்தாலும் முதல் தடவை எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் ஒருத்தரும் பார்க்கக் கூடாது, தலைவரானாலும் சரி. சட்டம் போட்டபோது முதலில் தூக்கிய கை எனிடுடையது.

அப்புறம் அவளுக்குக் கண் போக ஆரம்பித்தது.

முழுக் குருடு இல்லை. நடுவில் மட்டும் போகிற நோய். நேரே எதைப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒரு சாம்பல் பொட்டு. ஓரத்தில் மட்டும் மங்கலாகத் தெரியும். முதலில் ஒரு கண், அடுத்து மற்றது. ஆஸ்பத்திரியிலிருந்து காகிதம் வந்தால் எனக்குப் படிக்கத் தெரியாது, அவளுக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு மூலைக் கடைக்குப் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்போம். "ஊருக்கே நம்ம கண்ணு கதை தெரிஞ்சாச்சு" என்பாள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்டாள். என்னிடம் பேசும்போது என் வீட்டு ஜன்னலிடம் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஒரு கண் போய், மற்றது பாதி இருந்தபோது, இலை உதிர்கிற காலத்தில் ஒரு நாள் க்ளைவ் வந்தார். கதவைத் தட்டிவிட்டு நிற்கவில்லை, நேராக உள்ளே வந்துவிட்டார். அதிலேயே எனக்குத் தெரிந்துபோனது. கடலோரம் ஃப்ளீட்வுட்டில் ஒரு விதவை. புருஷன் அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். வெளிநாட்டுக்கு விற்பதற்காக எடுத்த ஃபிலிம் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மாடிப் பரணில் போட்டிருக்கிறார். டப்பாவின் மேல் குழுவின் பெயரும் தேதியும் இருந்தது.

"எந்தத் தேதி?" என்றாள் எனிட்.

க்ளைவ் சொன்னார். அதே சனிக்கிழமை.

அவள் எழுந்து அடுப்பில் கெட்டிலை வைத்தாள். ஏற்கெனவே அது கொதித்துத்தான் இருந்தது. "நாத்தம் அடிக்குதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் அடிக்குது. சுருங்கியிருக்கு. சுத்தம் பண்ண லேபுக்கு அனுப்பியிருக்கேன். மெதுவாத்தான் செய்வாங்க. அவசரப்பட்டா ஒடைஞ்சு போகும்."

அவர் போனதும் நான் சொன்னேன்: "எனிட், அந்த ஆளுகிட்ட விஷயத்தைச் சொல்லு. படம் வந்ததும் உனக்கு மட்டும் முன்னாடியே காட்டச் சொல்லு. உன் கண்ணு காத்துக்கிட்டு இருக்காது."

"சட்டம்னா சட்டந்தான்."

"என்ன பெரிய பார்லிமென்ட் சட்டம்?"

"மழையில வாசல்ல நின்னவ நான். அப்படி இன்னொருத்தரை நான் நிக்க வைக்க மாட்டேன்."

நானும் விடவில்லை. அவளும் விடவில்லை. குளிர்காலம் முழுக்க இதே பேச்சு. ஒரு வாரம் இரண்டு பேரும் பேசாமல்கூட இருந்தோம். சுவர் வழியாக அவள் இருமல் கேட்டதும் நான்தான் சூப் கொண்டுபோனேன். அந்தக் குளிர்காலத்தில்தான் மற்ற கண்ணின் நடுவும் போனது. ஒரு நாள் காலையில் எனக்கு டீ ஊற்றினாள். கோப்பைக்குப் பக்கத்தில், மேஜையின் மேல் ஊற்றினாள்.

வசந்தத்தில் ஃபிலிம் திரும்பி வந்தது. க்ளைவ் மறுபடி வந்தார், இந்தத் தடவை முகம் தொங்கியிருந்தது. படம் நன்றாக இருக்கிறதாம். ஆனால் ஊமை. சத்தம் தனி ஃபிலிமில் இருந்திருக்க வேண்டும்; அது கிடைக்கவே இல்லை. யாராவது அன்றைக்கு வீட்டில் டேப் பிடித்திருந்தால் அதை எடுத்துப் படத்தோடு சேர்க்கலாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனிட் எழுந்தாள். போய், அலமாரியில் கையால் தடவி, மேஜைத் துணிக்கு அடியிலிருந்து அந்த டேப் டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷமா வச்சுக்கிட்டு சும்மா இருந்தீங்களா?"

"கேட்டுட்டு வா, அப்புறம் பேசு."

இரண்டு நாள் கழித்து வந்தார். சந்தோஷம் தாங்கவில்லை மனிதனுக்கு. "அருமையா இருக்கு எனிட். முள்ளு ஒரு இடத்துலகூட மேல போகல. ரெண்டாவது பாட்டுல மட்டும் ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க பேச்சு விழுந்திருக்கு. கவலைப்படாதீங்க, இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல தொடைச்சு எடுத்துடுவாங்க. இருந்த இடம் தெரியாது."

"எடுக்காதே" என்றாள்.

"எனிட், ஊரே காத்துக்கிட்டு இருக்கு. பாட்டு நடுவுல ஒருத்தி 'வாய மூடு'ங்கறா."

"அது நான்தான். அந்த இன்னொருத்தி என் தங்கச்சி. நீ இவ்வளவு வருஷமா வேன்ல ஏத்திக்கிட்டுப் போனது டிரம்ஸ்காரனுக்காக இல்ல க்ளைவ். அவ ஆடுறா அந்தப் படத்துல. நான் பாக்கல."

முழுசும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவள் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசியதை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. மேஜைத் துணியில் இருந்த டீக் கறையையும் பார்த்தார்.

"கண்ணு எப்போலேர்ந்து?"

"அது ஆச்சு கொஞ்ச நாள்."

"நீங்க போன வருஷமே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "சட்டம் கிடக்கட்டும். இப்பவே கிளம்புங்க. என் வீட்டுல போட்டுக் காட்டறேன்."

"இப்ப எதுக்கு?" என்றாள் எனிட். "எல்லாரோடயும் உக்காந்து பாக்கறேன். பாக்கறதுக்குத்தான் இனிமே என்ன இருக்கு."

கடைசியில் இப்படி முடிவாயிற்று: வெளியே விற்பனைக்குப் போகிற பிரதியில் பேச்சைத் துடைத்துவிடுவது, சங்கத்தில் போடுகிற முதல் காட்சியில் அப்படியே விட்டுவிடுவது.

கூட்டம் ஒரு தொழிலாளர் கிளப்பின் மாடியில் நடந்தது. மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டதும் பட்டாணிக் கூழும் சாப்பாடு. வழுக்கைத் தலைகளும் தொப்பைகளுமாக நூறு பேராவது இருப்பார்கள். தொப்பை மேல் நாலு பையன்களின் மூஞ்சி போட்ட பனியன். எனிட் நீலக் கவுன் போட்டு, முடி சுருட்டிக்கொண்டு வந்தாள். அவள் தலையை நான்தான் வாரிவிட்டேன். எங்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். விளக்கை அணைக்குமுன் யாரோ போய் கிளப் பாரில் இருந்த ஃப்ரிட்ஜின் சுவிட்சையும் அணைத்துவிட்டு வந்தார்கள். அது உறுமும் என்று.

திரையில் எழுத்து ஓடியது. அப்புறம் அந்தப் பையன்கள். பின்னாலிருந்து நூறு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் கண் இல்லை. எனிட் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தை முழுசாக இடது பக்கம் திருப்பி, கோட்டுகள் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்படித் திருப்பினால்தான் திரையின் வெளிச்சம் ஓரத்தில் கொஞ்சமாவது அசையும் அவளுக்கு.

இரண்டாவது பாட்டு வந்தது. காமிரா மெள்ள நகர்ந்தது. ஆடுகிற பிள்ளைகள், ஏகப்பட்ட தலைகள்.

"எனிட், எனிட், பாரு, நான்தான்."

அந்தக் கூடம் முழுக்க அந்தக் குரல். சின்னப் பெண், சந்தோஷத்தில் மூச்சு வாங்குகிற குரல். எனிடின் நகம் என் கையில் பதிந்தது.

"ஷ்ஷ். வாய மூடுடி, டேப்புல விழும்."

பின்னால் ஒருத்தரும் சிரிக்கவில்லை. யாரோ ஒரு அம்மாள் மட்டும் மெதுவாக "ஐயோ" என்றாள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டு முன்னறையில் யாரையோ அப்படி அடக்கினவர்கள்தானே.

"எங்க?" என்றாள் எனிட் என் காதில்.

"வலது ஓரத்துல. தூணுக்குப் பக்கத்துல. கட்டம் போட்ட கவுன்."

"சிரிக்கறாளா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். ஆனால் நான் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்கிற ஆள் இல்லை. "இல்ல எனிட். கீழுதட்டைக் கடிச்சுக்கிட்டு ஏதோ எண்ணிக்கிட்டு இருக்கா."

"அவதான்" என்றாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

பின் வரிசையிலிருந்து ஒருவன் பழக்கதோஷத்தில், "ஷ்ஷ்" என்றான்.

எனிட் திரும்பவில்லை. கோட்டுகளைப் பார்த்தபடியே, பள்ளிக்கூடத்துக் குரலில் சொன்னாள்: "ஒரு தடவை அடக்கினது போதும்பா."

"போச்சு. போயிட்டேன்" என்றது டேப். திரையில் டிரம்ஸ்காரன் வந்துவிட்டிருந்தான்.

எல்லாம் முடிந்து விளக்குப் போட்டதும் க்ளைவ் வந்து அவள் முன்னால் குனிந்தார். "மறுபடியும் போடவா, எனிட்?"

"போடு" என்றாள்.

அந்தப் பாட்டை மட்டும் போட்டார். இந்தத் தடவை நான் கிசுகிசுக்கவில்லை, வாய்விட்டே சொன்னேன். பெரிய கூட்டம் அது, ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. "இப்ப கையத் தூக்கறா. இப்ப வலது காலை முன்னாடி வைக்கறா. பக்கத்துல ஒருத்தி இடிச்சுட்டா, நகர்ந்து நிக்கறா. முடி நெத்தியில விழுது, தள்ளிவிடறா. இப்ப நம்ம பக்கம் திரும்பப் போறா." அதோடு காமிரா நகர்ந்துவிட்டது. திரும்பினாளா, சிரித்தாளா, அது அந்தக் காமிராக்காரனுக்குத்தான் தெரியும்.

எனிட் முகத்தைச் சுவர்ப் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. "சாம்பலா என்னமோ அசைஞ்சது" என்று மட்டும் சொன்னாள். "மேகம் போற மாதிரி."

வீட்டுக்கு பஸ்ஸில் வந்தோம். க்ளைவ் வேனில் கொண்டுவிடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். மழை தூறியது. லெஸ் ஓட்டின அதே வழிதான் அந்த பஸ்ஸும். பஸ் பாலம் தாண்டியது. எனிட் ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்:

"ஓரம் எப்படி இருந்தது?"

"எந்த ஓரம்?"

"கவுன் ஓரம்."

"இடது பக்கம் இறங்கித்தான் இருந்தது."

"அம்மா சொன்னா. கழட்டிக் குடுடின்னு சொன்னா" என்றாள் எனிட். இறங்குகிற இடம் வரை அழுதாள். நான் தடுக்கவில்லை. கைக்குட்டை இல்லை என்று என் தலைத்துணியை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் படம் இப்போது விற்பனையில் இருக்கிறது. வாங்கினவர்கள் பாட்டு சுத்தமாக இருக்கிறது, ஒரு தூசு இல்லை என்கிறார்கள். இருக்கட்டும். தூணுக்குப் பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடுகிற பெண் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். அவள் பெயர் டாஃப்னி. அன்றைக்கு அவளுக்குக் கணக்கு ஒரு இடத்திலும் விட்டுப்போகவில்லை. நான் பார்த்தேன்.

எனிடுக்கு க்ளைவ் பெரிய பொத்தான் வைத்த ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். அந்த டேப்பில் இருந்ததை அதில் ஏற்றியிருக்கிறார், பேச்சோடு. இப்போதெல்லாம் அவள் வெளியே வருவது குறைந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டியைப் போடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். முதல் பாட்டு ஓடும். இரண்டாவது தொடங்கும். நான் அடுப்பைத் தணித்துவிட்டு நிற்பேன்.

"எனிட், எனிட், பாரு, நான்தான்."

அங்கேயே பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து போடுவாள். அடுத்து வருகிறதை அவள் ஒரு நாளும் ஓடவிட்டதில்லை.